மாஸ்டர் டேட்டாவில் வாடிக்கையாளர் கோட்: ஐடி நம்பரையே போடலாமா?

டர்பன்வாசி:
வணக்கம். இங்கே டர்பனில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலை எஸ்க்யூஎல் சர்வரின் மாஸ்டர் டேட்டா சர்வீசஸில் (பல சிஸ்டங்களின் பட்டியல்களை ஒன்றாக்கி வைக்கிற மைக்ரோசாஃப்ட் டூல்) ஏற்றுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரிலிருந்து ஒரு பட்டியல், கிடங்கில் ஓடும் பழைய சிஸ்டத்திலிருந்து இன்னொன்று. அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கோட் என்று ஒரு தனி அடையாளம் வேண்டும். இரண்டு பட்டியலிலும் 1001 என்ற நம்பர் இருக்கிறது, ஆனால் ஆள் வேறு. பேரை வைத்துச் சேர்க்கலாமென்றால் இங்கே நம்மவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த்தில் எஸ். கோவெண்டர் என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது, நாயுடுவும் பிள்ளையும் அப்படியே. மேனேஜர் சொல்கிறார், அரசாங்க அடையாள அட்டையின் ஐடி நம்பரையே கோடாகப் போட்டுவிடு, யாருக்கும் இரண்டு இருக்காதே என்று. போடலாமா?

மரிட்ஸ்பர்க் அக்கா:
வேண்டாம் தம்பி. கோட் ஒரு இடத்தில் அடங்கிக் கிடக்காது. ரிப்போர்ட், எக்ஸ்போர்ட், பில் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். நம்ம ஐடியின் 13 இலக்கத்தில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். தனிநபர் தகவலைப் பாதுகாக்கிற பொப்பியா சட்டம் இருக்கும்போது எதற்கு இந்த வம்பு? அதைவிட, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஐடி ஏது? 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் நம்பர் பூஜ்யத்தில் தொடங்கும், யாராவது சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேவ் செய்தால் பூஜ்யம் போச்சு.

அர்த்தமே இல்லாத ஒரு நம்பரைக் கோடாக வை. பழைய நம்பர்களைத் தூக்கிப் போடாதே. தனி டேபிளில் சிஸ்டத்தின் பேர், அங்கே உள்ள நம்பர், நம்ம கோட் மூன்றும் இருக்கட்டும். முதல் இரண்டும் சேர்ந்துதான் யுனிக், அதாவது அந்த ஜோடி இரண்டு தடவை வரக்கூடாது.

டர்பன்வாசி:
அப்போ சிஸ்டமே கோட் போட்டுக்கொள்ளும் ஆட்டோ கோட் வசதியை ஆன் செய்து கோடைக் காலியாக விட்டால் போதுமா அக்கா?

கீ காவலன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். முதல் தடவை நன்றாகவே ஓடும். அடுத்த வாரம் அதே ஆள் புது போன் நம்பரோடு வருவார், கோட் காலியாக இருந்தால் சிஸ்டம் அவரைப் புதியவர் என்று நினைத்து இன்னொரு ரெக்கார்டு போட்டுவிடும். அதனால் ஸ்டேஜிங்குக்கு (ஏற்றும் முன் டேட்டாவைப் போட்டு வைக்கிற டேபிள்) போகும் முன்பே அக்கா சொன்ன டேபிளில் தேடு: இருந்தால் அந்தக் கோட், இல்லையென்றால் எஸ்க்யூஎல் சீக்வென்ஸிலிருந்து (வரிசையாகப் புது நம்பர் கொடுப்பது) புதிதாக ஒன்று எடுத்து ஸ்டேஜிங்கிலும் அந்த டேபிளிலும் ஒரே நேரத்தில் எழுது.

அப்புறம் ஸ்டேஜிங்கில் ஒவ்வொரு வரியையும் எப்படி ஏற்றுவது என்று சொல்கிற இம்போர்ட் டைப்பைக் கவனி. 0 போட்டால் காலி ஃபீல்டுகள் பழைய மதிப்பைத் தொடாது. 2 போட்டால் காலியும் மேலே ஏறி இருந்ததை அழித்துவிடும். கிடங்கு ஃபைலில் ஈமெயில் இருக்காது, இல்லையா? அங்கே 2 போட்டால் அக்கவுண்ட்ஸ் கொடுத்த ஈமெயில் எல்லாம் காலி. மாகாணம் மாதிரி வேறு பட்டியலைப் பார்க்கிற ஃபீல்டில் பேரை எழுதாமல் அதன் கோடை எழுத வேண்டும், அந்தப் பட்டியலை முதலில் ஏற்றியிருக்கவும் வேண்டும். ஓடி முடிந்ததும் இம்போர்ட் ஸ்டேட்டஸில் 2 என்று நிற்கும் வரிகள்தான் விழுந்தவை.

டர்பன்வாசி:
நன்றி அண்ணா. இரண்டு கோடும் ஒரே ஆள்தான் என்று பின்னால் தெரிந்தால்?

மரிட்ஸ்பர்க் அக்கா:
ஒன்றை வைத்துக்கொள், மற்றதை டீஆக்டிவேட் செய் (செயலிழக்க வை), அதற்கு இம்போர்ட் டைப் 3. ஆனால் அதற்கு முன்பே தனி டேபிளில் அந்தக் கோடைப் பிடித்திருந்த பழைய நம்பர்களை எல்லாம் நிற்கிற கோடுக்கு மாற்றிவிடு, இல்லையென்றால் அடுத்த லோடில் செத்த கோடுக்கே அப்டேட் போகும். இன்னொன்று, எஸ்க்யூஎல் சர்வர் 2025-இல் மாஸ்டர் டேட்டா சர்வீசஸையே எடுத்துவிட்டார்கள். அந்த டேபிளை உங்கள் சொந்த டேட்டாபேஸில் வைத்தால் நாளைக்கு வேறு இடத்துக்குப் போகும்போது அப்படியே கூட வரும்.