வியட்நாம் 8 நாள்: ரெண்டு பேருக்கு 90 ஆயிரம் தாங்குமா?

வணக்கம் மக்களே. நவம்பர் முதல் வாரம் நானும் அம்மாவும் வியட்நாம் போறோம். ஹனோய், ஹாலாங் பே, டா நாங், ஹோய் ஆன். ஃப்ளைட் டிக்கெட் எடுத்தாச்சு, இ-விசாவுக்குத் தலைக்கு 25 டாலர் தனியா வச்சாச்சு. மீதி எல்லாத்துக்கும் சேர்த்து 90 ஆயிரம்.

ஹாலாங் பேயில ஒரு ராத்திரி கப்பல்லயே தங்கறதா, பகல் சவாரியோட முடிச்சுக்கறதா? ரெண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். ஹனோய் டு டா நாங் ராத்திரி ரயில்ல போனா ரூம் வாடகை மிச்சம். ஆனா கிட்டத்தட்ட 16 மணி நேரம், அம்மாவுக்கு முட்டிவலி. அந்த மாசம் ஹோய் ஆன்ல ஆத்து வெள்ளம் தெருவுக்கே வந்துடுமே, கேன்சல் பண்ற மாதிரி ரூம் போட்டா எவ்வளவு கூடும்?

அம்மா சுத்த சைவம். ‘சாய்’னு போர்டு இருந்தா சைவக் கடை, அது தெரியும். மத்த கடையில கீரை வதக்கல்லகூட மீன் சாஸ் ஊத்திடறாங்க. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம்?

போன வருஷம் போன என் தம்பி, 20,000 டோங்னு நினைச்சு 500,000 நோட்டை டாக்ஸிக்காரர்கிட்ட நீட்டிட்டு வந்தான். ரெண்டும் நீலம். அந்தக் கணக்குலயும் ஒரு ஆயிரத்தைந்நூறு ஒதுக்கணும் போல!

போய்வந்தவங்க உங்க செலவுக் கணக்கைக் கொஞ்சம் போடுங்க. பேக்கேஜ் விளம்பரம் வேண்டாம், ப்ளீஸ்.