கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஓட்டினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது: ஆர்ம் போர்டு, கிராஸ் டூல்செயின் உதவி தேவை

தூண்டில்காரன்:

வணக்கம். கோர்டெக்ஸ்-ஏ8 செயலி உள்ள பழைய போர்டு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதில் லினக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது, சீரியல் கன்சோல் வழியாக லாகின் செய்ய முடிகிறது. போர்டில் கம்பைலர் கிடையாது. அதனால் என் கணினியில் (உபுண்டு 22.04, 64 பிட்) கிராஸ் கம்பைல் செய்யலாம், அதாவது இங்கே கட்டிப் போர்டில் ஓட்டலாம் என்று இறங்கினேன்.

போர்டைத் தயாரித்தவர்களின் கையேட்டில் டூல்செயினுக்கு (கம்பைலர், லிங்கர், லைப்ரரிகள் அடங்கிய தொகுப்பு) ஓர் இணைப்பு இருக்கிறது, ஆனால் அது இப்போது திறப்பதில்லை. சரி என்று உபுண்டுவின் களஞ்சியத்தில் இருந்தே ஆர்ம் செயலிக்கான ஜிசிசி கம்பைலரை நிறுவினேன். பெயர் "லினக்ஸ்-ஜிஎன்யூஈஏபிஐஎச்எஃப்" என்று முடிகிறது. ஹலோ வேர்ல்டு ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. போர்டுக்கு நகலெடுத்து, இயக்க அனுமதியும் கொடுத்து ஓட்டினால்:

"./ஹலோ: அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை"

எல்எஸ் போட்டால் கோப்பு அங்கேதான் இருக்கிறது. அளவும் கணினியில் உள்ளதுதான். எங்கே தேடுவது என்றே புரியவில்லை.

நள்ளிரவு நிரலன்:

ஆர்ம்-நன்-ஈஏபிஐ டூல்செயினைப் போட்டுப் பாருங்க. ஆர்ம் நிறுவனமே தன் தளத்துல இலவசமா தருது. எஸ்டிஎம்32-க்கு நான் அதைத்தான் வெச்சிருக்கேன், ஒரு தொல்லையும் இல்லை.

சுழியன்:

வேண்டாம் நண்பரே. அது இயக்குதளமே இல்லாத மைக்ரோகன்ட்ரோலருக்கு. அதோடு வரும் சி லைப்ரரி நியூலிப், லினக்ஸின் ஜிலிப்சி இல்லை. ஆர்ம் தளத்தில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால் பலர் தவறானதை இறக்கிவிடுகிறார்கள். பெயரில் "லினக்ஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். "நன்" இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், லினக்ஸுக்கான டூல்செயினின் பெயரிலும் அது வரும்.

தூண்டில்காரன், போர்டு தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்வது உங்கள் ஹலோவை இல்லை. டைனமிக் ஆக (லைப்ரரிகளை உள்ளே அடைக்காமல், ஓடும்போது இணைக்கும்படி) லிங்க் செய்த ஒவ்வொரு பைனரிக்குள்ளும் "என்னை நினைவகத்தில் ஏற்றி, லைப்ரரிகளை இணைத்துத் தர இந்த லோடரைக் கூப்பிடு" என்று ஒரு பாதை எழுதியிருக்கும். கெர்னல் பைனரியைத் திறந்து, அந்தப் பாதையைப் படித்து, அங்கே போய்ப் பார்க்கிறது. லோடர் இல்லை. உடனே "கோப்பு இல்லை" என்ற பிழையைத் திருப்பி அனுப்புகிறது. ஷெல்லுக்கு எந்தக் கோப்பு என்று தெரியாது, நீங்கள் கொடுத்த பெயரையே முன்னால் ஒட்டி அச்சடித்துவிடுகிறது. லினக்ஸில் இவ்வளவு ஆளைக் குழப்பும் பிழைச்செய்தி வேறு உண்டா என்பது சந்தேகம்தான்.

கணினியில் ரீட்எல்ஃப் கட்டளையை சிறிய எல் விருப்பத்தோடு ஹலோ மீது ஓட்டுங்கள். "ரிக்வெஸ்டிங் புரோகிராம் இன்டர்ப்ரெட்டர்" என்று ஒரு வரி வரும். லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை வேண்டாம், ஆர்ம் பைனரியைக் கொடுத்தால் உங்கள் கணினியின் எல்டிடி "இது டைனமிக் பைனரியே இல்லை" என்று உளறும்.

போர்டில் லிப் அடைவுக்குள் "எல்டி-" என்று தொடங்கும் கோப்புகள் என்னென்ன? அப்புறம், அதே அடைவில் லிப்சி.எஸ்ஓ.6 இருக்கும். அதை ஒரு நிரலைப் போல நேரடியாக ஓட்டுங்கள், தன் பதிப்பு எண்ணைச் சொல்லும். கெர்னல் பதிப்பையும் போடுங்கள்.

தூண்டில்காரன்:

ஹலோ கேட்பது: எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3
போர்டில் இருப்பது: எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3 மட்டும்
போர்டின் ஜிலிப்சி: 2.19
கெர்னல்: 3.14

போர்டில் உள்ள லோடருக்கு அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டால் போதுமா?

சுழியன்:

கூடாது. சிம்லிங்க் போட்டால் பிழைச்செய்தி மாறும், நோய் அப்படியே இருக்கும். "எச்எஃப்" என்றால் ஹார்டு ஃப்ளோட்: தசம எண்களைச் செயற்கூறுகளுக்கு மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களில் அனுப்பும் ஏற்பாடு. உங்கள் போர்டில் இருப்பவை எல்லாம் சாஃப்ட் ஃப்ளோட் ஏற்பாட்டில் கட்டிய லைப்ரரிகள், அவை அதே எண்களைச் சாதாரண ரெஜிஸ்டர்களில் எதிர்பார்க்கும். கோர்டெக்ஸ்-ஏ8-க்கு மிதவைப்புள்ளி வன்பொருள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் டூல்செயினைத் தேர்ந்தெடுக்கச் செயலியைப் பார்த்தால் மட்டும் போதாது, போர்டில் உள்ள சி லைப்ரரியைப் பார்க்க வேண்டும்.

"எச்எஃப்" இல்லாமல் "ஜிஎன்யூஈஏபிஐ" என்று முடியும் பேக்கேஜும் உபுண்டுவில் உண்டு. அதை நிறுவிப் பாருங்கள். லோடர் பிரச்சினை போய்விடும். அடுத்த பிரச்சினை என்ன வரும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, ஆனாலும் வந்த பிறகு பேசலாம்.

தூண்டில்காரன்:

வந்துவிட்டது. "லிப்சி.எஸ்ஓ.6: ஜிலிப்சி_2.34 பதிப்பு கிடைக்கவில்லை". ஒரே ஒரு பிரின்ட்எஃப் வரிக்கு எதற்கு 2.34?

வெண்தாழை:

பிரின்ட்எஃப் கேட்கவில்லை. மெயின் தொடங்கும் முன் ஓடும் தொடக்கக் குறிமுறை கேட்கிறது. ஜிலிப்சியில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் பதிப்பு முத்திரை உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-ல் லிப்பிதிரெட், லிப்டிஎல் போன்ற தனி லைப்ரரிகளைப் பிரதான லிப்சிக்குள்ளேயே சேர்த்தார்கள். அப்போது நிரலைத் தொடங்கி வைக்கும் செயற்கூறுக்கும் புது முத்திரை விழுந்தது. அதனால் 2.34-க்கோ அதற்குப் பிந்தையதற்கோ எதிராக டைனமிக் ஆக லிங்க் செய்த எந்த நிரலும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பழைய போர்டில் ஏறாது. உபுண்டு 22.04-ல் இருப்பது 2.35. உங்கள் போர்டின் 2.19 வெளிவந்தது 2014-ல். பழைய ஜிலிப்சிக்குக் கட்டிய நிரல் புதியதில் ஓடும், புதியதற்குக் கட்டியது பழையதில் ஓடாது.

யாராவது "புது லிப்சி.எஸ்ஓ.6-ஐ போர்டில் நகலெடுத்து மேலே எழுதுங்கள்" என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பில் இருந்தே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த நொடி எல்எஸ்கூட ஓடாது, பழையதைத் திரும்ப வைக்கவும் சிபி ஓடாது.

இப்போது உங்கள் நிரல் என்ன செய்யப்போகிறது என்று சொல்லுங்கள். வழி அதைப் பொறுத்தது.

தூண்டில்காரன்:

சென்சாரைப் படித்து, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமித்து, சர்வருக்கு அனுப்பும். சர்வரைப் பெயர் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும், ஐபி நிலையானதில்லை.

ஸ்டாட்டிக் ஆக (லைப்ரரிகளை நிரலுக்குள்ளேயே அடைத்து) லிங்க் செய்து பார்த்தேன், ஹலோ ஓடிவிட்டது! அப்படியே விட்டுவிடலாமா?

வெண்தாழை:

ஹலோவுக்குச் சரி. பெயரைத் தேடி ஐபி எடுக்கும் நிரலை ஜிலிப்சியோடு ஸ்டாட்டிக் ஆகக் கட்டினால் லிங்கர் ஓர் எச்சரிக்கை கொடுக்கும்: ஓடும்போது அதே பதிப்பு ஜிலிப்சியின் பகிர்வு லைப்ரரிகள் தேவை என்று. பெயர்த் தேடலுக்கான செருகுநிரல்களை ஜிலிப்சி ஓடும்போதுதான் ஏற்றும், அதனால் "முழு ஸ்டாட்டிக்" என்பது அங்கே பெயருக்குத்தான். இந்த எச்சரிக்கையைக் கண்டும் காணாமல் போகாதீர்கள், வேறொரு போர்டில் டிஎன்எஸ் மட்டும் வேலை செய்யாமல் திண்டாடுவீர்கள்.

ஸ்டாட்டிக்தான் வேண்டும் என்றால் மசல் சி லைப்ரரியோடு வரும் டூல்செயின் எடுங்கள். பெயர்த் தேடலை அது தனக்குள்ளேயே செய்துகொள்ளும். பூட்லின் தளத்தில் ஜிலிப்சி, மசல், யூசிலிப்சி மூன்றுக்கும் தயார் நிலையில் கிடைக்கிறது. சுருக்கப்பட்ட கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் ரீலொகேட்-எஸ்டிகே என்ற ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டினால் போதும். ஸ்டாட்டிக் என்பதால் ஹார்டு ஃப்ளோட் வகையை எடுத்தாலும் ஓடும், ஏனென்றால் போர்டின் எந்த லைப்ரரியையும் நிரல் தொடப்போவதில்லை. கெர்னலில் விஎஃப்பி (மிதவைப்புள்ளி வன்பொருள்) ஆதரவு இயக்கப்பட்டிருந்தால் சரி.

கம்பிவேலி:

டூல்செயினை நாமே கட்டிக்கொள்ள உதவும் கிராஸ்டூல்-என்ஜி பற்றி ஏன் யாரும் பேசவில்லை? ஜிலிப்சி 2.19, 3.14-ஐத் தாண்டாத கெர்னல் ஹெடர்கள், சாஃப்ட் ஃப்ளோட் என்று மெனுவில் தேர்ந்தெடுத்தால் போர்டுக்கு அளந்து தைத்த டூல்செயின் கிடைக்கும். பழைய பதிப்புகளைக் காட்டும் விருப்பத்தை முதலில் இயக்கணும், அப்போதுதான் 2.19 பட்டியலில் வரும். ஜிசிசியையும் பழையதாகவே எடுங்க, புது ஜிசிசி பழைய ஜிலிப்சியைக் கட்டும்போது பாதியில் நிற்கும். ரூட்டாக ஓட்டினால் மறுத்துவிடும், எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி அமைத்திருந்தாலும் மறுத்துவிடும். இரண்டுமே நியாயமான பிடிவாதம்தான்.

தூண்டில்காரன்:

இடையில் ஒரு திருப்பம். போர்டோடு வந்த மெமரி கார்டில் ஒரு மூலையில் அவர்களுடைய டூல்செயினின் சுருக்கக் கோப்பே இருந்தது. ஆப்ட் அடைவில் விரித்தேன், பாத்தில் சேர்த்தேன். என் கணினியில் அந்த ஜிசிசியை அழைத்தால்:

"அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை"

இப்போது கணினியிலேயே!

சுழியன்:

அதே நோய்தான், கட்டில் மட்டும் மாறியிருக்கிறது. ஃபைல் கட்டளையை அந்த ஜிசிசி மீது ஓட்டுங்கள். "32 பிட், இன்டெல் 80386" என்று வரும். அந்தக் காலத்து டூல்செயின்கள் பலவும் 32 பிட் கணினிக்குக் கட்டியவை. அது தேடும் லோடர் எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2, உங்கள் 64 பிட் உபுண்டுவில் அது இல்லை.

டிபிகேஜியில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, ஆப்ட் பட்டியலைப் புதுப்பித்து, லிப்சி6, லிப்எஸ்டிடிசி++6, இசட்லிப்1ஜி மூன்றின் ஐ386 பதிப்புகளை நிறுவுங்கள். பல கையேடுகள் ஜிசிசி-மல்டிலிப்பை நிறுவச் சொல்லும், அதைச் செய்யாதீர்கள். உபுண்டுவின் கிராஸ் ஜிசிசி பேக்கேஜ்களோடு அது மோதும், ஒன்றை நிறுவினால் மற்றதை நீக்கிவிடும். உங்களுக்குத் தேவை 32 பிட் நிரலை ஓட்டும் வசதி மட்டுமே, கட்டும் வசதி இல்லை.

தூண்டில்காரன்:

ஜிசிசி ஓடுகிறது. ஹலோ டைனமிக் ஆகவே போர்டில் ஓடுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.

கடைசியாக ஒன்று. எஸ்க்யூலைட்டைச் சேர்த்ததும் லிங்கர் "பொருந்தாத கோப்பைத் தவிர்க்கிறேன்" என்று யூஎஸ்ஆர்/லிப் பாதையைக் காட்டிவிட்டு, எஸ்க்யூலைட்3 கிடைக்கவில்லை என்று நிற்கிறது.

வெண்தாழை:

உங்கள் மேக்ஃபைலில் எங்கோ கணினியின் யூஎஸ்ஆர்/லிப் பாதை எழுதப்பட்டிருக்கிறது, அல்லது லைப்ரரிப் பாதைகளைத் தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கே இருப்பது இன்டெல் லைப்ரரி. லிங்கர் அதைத் தவிர்த்தது நல்லதுதான். பயப்பட வேண்டியது ஹெடர்களுக்கு: கணினியின் யூஎஸ்ஆர்/இன்க்ளூட் உள்ளே நுழைந்தால் ஒரு முனகல்கூட இல்லாமல் கம்பைல் ஆகி, போர்டில் விபரீதமாக நடக்கும். கிராஸ் கம்பைலருக்கு சிஸ்ரூட் (போர்டுக்கான ஹெடர்களும் லைப்ரரிகளும் உள்ள அடைவு) ஒன்றுதான் உலகம். பிகேஜி-கான்ஃபிக்கைப் பயன்படுத்தினால் அதன் லிப்டிர், சிஸ்ரூட்டிர் மாறிகள் இரண்டையும் சிஸ்ரூட்டுக்குத் திருப்புங்கள்.

ஆனால் எஸ்க்யூலைட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. முழு நூலகமும் எஸ்க்யூலைட்3.சி என்ற ஒரே மூலக்கோப்பாகவே வெளியாகிறது. அதை உங்கள் நிரலோடு சேர்த்து அதே கம்பைலரில் கட்டிவிடுங்கள். லிங்க் செய்யும்போது பிதிரெட், டிஎல் இரண்டையும் தனியாகக் கொடுக்க வேண்டும், ஜிலிப்சி 2.19-ல் அவை இன்னும் தனி லைப்ரரிகள்.

தூண்டில்காரன்:

எஸ்க்யூலைட்3.சி-யைச் சேர்த்துக் கட்டினேன், டிஎல் கொடுத்ததும் லிங்க் ஆனது. போர்டில் தரவு சேமிக்கிறது, சர்வரையும் பெயரால் பிடிக்கிறது. கிராஸ்டூல்-என்ஜியும் இரவில் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன், மெமரி கார்டு டூல்செயினின் ஜிசிசி 4.8, சி++14 தெரியாது.

கம்பிவேலி:

அப்படியென்றால் 2.19-ஓடு ஜிசிசி 5 தொடரை வெச்சுப் பாருங்க, சி++14 அதில் முழுசா இருக்கு. ஆனா அந்த டூல்செயினின் லிப்எஸ்டிடிசி++ (சி++ நிரல்களுக்கான லைப்ரரி) போர்டில் உள்ளதைவிடப் புதுசா இருக்கும், "ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் பதிப்பு கிடைக்கவில்லை" என்று அடுத்த இழை ஆரம்பிப்பீங்க. லிப்எஸ்டிடிசி++, லிப்ஜிசிசி இரண்டை மட்டும் ஸ்டாட்டிக் ஆக இணைக்க ஜிசிசியில் தனி விருப்பங்கள் உண்டு, அதை இப்பவே மேக்ஃபைலில் போட்டுடுங்க.