ஸ்குவாட்டில் வலது முட்டி மட்டும் உள்ளே போகிறது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

புதுட்ரெய்னர்_கோவை
ட்ரெய்னராகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. புதிதாக வந்திருப்பவருக்கு 34 வயது, ஐடி வேலை, வலி ஒன்றும் இல்லை என்கிறார். பக்கவாட்டில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துப் பார்த்தால் தலை முன்னால் தள்ளியிருக்கிறது, தோள் கூனியிருக்கிறது, இடுப்பும் முன்பக்கம் சாய்ந்த மாதிரி. கையைத் தலைக்கு மேல் தூக்கி ஸ்குவாட் (முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுவது) போகச் சொன்னால் பாதியிலேயே குதிகால் எழும்புகிறது, வலது முட்டி மட்டும் உள்ளே போகிறது. கோர்ஸில் படித்தபடி எது இறுக்கம், எது பலவீனம் என்று எழுதினால் பதினோரு தசை வருகிறது! அவர் வந்ததோ தொப்பையைக் குறைக்க.

பழையஇரும்பு
தம்பி, முதலில் அந்தப் போட்டோவை ஓரமாக வையுங்கள். நிற்பதைப் பார்த்து எந்தத் தசை பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. இடுப்பு கொஞ்சம் முன்னால் சாய்வது வலியே இல்லாதவர்களிடமும் சர்வ சாதாரணம். போதாக்குறைக்கு, போட்டோ என்றதுமே நம் ஆட்கள் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல விறைத்துக்கொள்வார்கள்.

இரண்டு குதிகாலுக்கும் கீழே சின்ன எடை பிளேட் வைத்து மறுபடி ஸ்குவாட் போகச் சொல்லுங்கள். முட்டி நேரானால் கணுக்கால்மேல்தான் முதல் சந்தேகம். அப்புறம் ஷூவைக் கழற்றிச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லி, சுவரிலிருந்து பெருவிரல் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று டேப்பில் அளந்துவிடுங்கள். 10 செ.மீ. பக்கம் வந்தால் போதும், அதைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். என்னிடம் ஒருவருக்கு வலது 5, இடது 11. அளக்காமலேயே நாலு வாரம் இடுப்புக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் கல்லூரியில் கபடி ஆடிக் கணுக்கால் பிசகியதைச் சொன்னார். நான் கேட்கவே இல்லை, என் தப்பு.

பிசியோ_மதுரை
பிளேட் வைத்தும் முட்டி உள்ளே போனால், பெஞ்சிலிருந்து ஒற்றைக் காலால் எழுந்து உட்காரச் சொல்லி இரண்டு பக்கமும் எண்ணுங்கள், எந்தக் காலில் பலம் குறைவு என்று தெரியும்.

கூன் தோள், சாய்ந்த இடுப்பு என்று கோர்ஸில் வரும் ஜோடி செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா சொன்னது. அவர் பார்த்தது வலியோடு வந்த நோயாளிகளை, அதை வலியே இல்லாதவர்மேல் அப்படியே ஒட்டாதீர்கள். தயவுசெய்து “உங்க முதுகு வளைஞ்சிருக்கு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பயத்தோடு எங்களிடம் வருபவர்கள் ஏராளம். கால் மரத்துப்போவது, காலுக்கு இறங்கும் வலி, குனியும்போது முதுகில் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிவது, இதில் ஏதாவது இருந்தால் எங்களிடம் அனுப்பிவிடுங்கள்.

புதுட்ரெய்னர்_கோவை
நன்றி அண்ணா, நன்றி டாக்டர். இன்று பார்த்தேன். பிளேட் வைத்ததும் குதிகால் சரி, முட்டி அப்படியேதான். சுவர் அளவு வலது 7, இடது 8. ஒற்றைக் காலில் இடது 9, வலது 3! அவரே ஆடிப்போய்விட்டார். கூனுக்கு என்ன செய்வது?

பழையஇரும்பு
வலது காலில் ஆரம்பியுங்கள், அது எத்தனை செய்கிறதோ இடதுக்கும் அத்தனையே. கூனுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம், ரோ (எடையை உடம்பை நோக்கி இழுக்கும் பயிற்சி) நன்றாகப் போடட்டும். ஆறு வாரம் கழித்து அதே பெஞ்சில், அதே உயரத்தில் மறுபடி எண்ணிவிட்டு வந்து எழுதுங்கள்.