மலை முழுவதற்கும் ஒரே ஸ்கீ: பெண்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வெண்பனி, சூரிச்

போன மாசி மாதம், சுவிட்சர்லாந்தின் அண்டர்மாட். கெம்ஸ்டொக் உச்சியிலிருந்து இறங்கும் பெர்னார்ட் ருஸ்ஸி பிஸ்ட் (சறுக்குப் பாதை) தெரிந்தவர்களுக்கு அந்தச் சரிவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2961 மீட்டர், வடக்குப் பக்கம், காலையில் வெயில் எட்டிப் பார்க்காது.

நான் 19 வருஷமாகச் சறுக்குகிறேன். என் பழைய ஸ்கீயின் (பனிச்சறுக்குப் பலகையின்) அடிப்பக்கம் கல்லில் கிழிந்துவிட்டதால் வீட்டுக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் சீசன் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரர் உயரம் கேட்டார், எடை கேட்டார். எங்கே சறுக்குவேன், எப்படிச் சறுக்குவேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இது பெண்களுக்கானது, பாரமில்லை, சுலபமாகத் திரும்பும்" என்று 152 சென்டிமீட்டரில் ஒன்றைத் தந்தார். என் உயரம் 168. அப்போதே மனதில் உறுத்தியது. ஆனாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரவுக் காற்று பனியையெல்லாம் துடைத்துவிட்டு, அடியில் இருந்த ஐஸ் நீலமாகத் தெரிந்த இடம். மூன்றாவது திருப்பத்தில் இடது ஸ்கீயின் முனை படபடவென்று அடிக்கத் தொடங்கியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரிச் சத்தம். எட்ஜ், அதாவது ஸ்கீயின் ஓரத்து இரும்பு விளிம்பு, ஐஸைப் பிடிக்கவே இல்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனேன். கையுறையை ஐஸில் ஊன்றினேன், அதுவும் நிற்கவில்லை. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகளையும் தாண்டித்தான் நின்றேன். அவள் ஓடி வந்து சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, உங்கட ஸ்கீ ஆடுது."

மறுநாள் கிராமத்திலேயே ஸ்டொக்லி நெலா 88 (எண் என்பது ஸ்கீயின் நடு அகலம், மில்லிமீட்டரில்) எடுத்தேன், என் நெற்றி உயரத்துக்கு. அதே சரிவு, அதே ஐஸ், ஒரு சத்தமும் இல்லை. ஒரே நாள் இடைவெளியில் நான் திறமைசாலி ஆகியிருக்க முடியாது அல்லவா? அந்தப் படபடப்பு இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் எதை வைத்திருக்கிறீர்கள்?

கோடைமழை, ஸ்குவாமிஷ்

எனக்கு நடந்தது நேர் எதிர். விஸ்லரில் ஏழு வருடமாக சீசன் பாஸ் வைத்திருக்கிறேன். இணையத்தில் படித்துப் படித்து, "நன்றாகச் சறுக்கும் பெண்கள் மெட்டல் உள்ளதுதான் வாங்க வேண்டும்" என்று நம்பி, பழைய நோர்டிகா சாண்டா அனா ஒன்றை வாங்கினேன். உள்ளே டைட்டானல் என்ற உலோகத்தில் இரண்டு தகடு இருக்கும் மாடல்.

காலையில் சீராக்கிய ரன்களில் அது ரயில் மாதிரிப் போனது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் இங்கே பனி வேறு. கடல் பக்கத்தில் இருப்பதால் ஈரம் அதிகம், மதியத்துக்கு மேல் சிமெண்ட் கலவை மாதிரி ஆகிவிடும். ஹார்மனி லிஃப்டுக்குக் கீழே, இரண்டு மணி இருக்கும், மரங்களுக்கு நடுவில் ஒரு குறுகலான இடம். உடம்பு திரும்பிவிட்டது, ஸ்கீ திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு இழுப்பு. பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பூட்டு) கழன்றதால் தப்பித்தேன். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே நின்றேன். லிஃப்டில் போகிறவர்களின் பேச்சு தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது ஏலன் ரிப்ஸ்டிக் 94. இடது, வலது என்று தனித்தனியாகக் குறித்திருக்கும். உள் எட்ஜ் பக்கம் கேம்பர் (நடுப்பகுதி மேலெழும்பிய வளைவு), வெளிப்பக்கம் ராக்கர் (முனைகள் மேல்நோக்கிய வளைவு). எடை குறைவு, அந்த மரங்களுக்குள் இப்போது பயமில்லாமல் போகிறேன். ஐஸில் மட்டும் கொஞ்சம் நடுங்கும். இதையெல்லாம் பார்த்தால் மெட்டல் என்பதே ஆண் விமர்சகர்கள் பரப்பிய ஆசை என்று தோன்றுகிறது.

நள்ளிரவுச் சூரியன், ஒஸ்லோ

கோடைமழை, கடைசி வரியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ட்ரிசிலில் மார்கழி மாதக் கெட்டிப் பனியில், என்னுடைய ஃபோல்க்ல் சீக்ரெட்டின் மெட்டல்தான் என்னைக் காப்பாற்றியது. முன்னால் விழுந்த ஒருவரைத் தவிர்க்க ஒரே வெட்டில் திரும்பினேன், ஸ்கீ அசையவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். டைட்டானல் என்றதும் பலர் டைட்டானியம் என்று நினைக்கிறார்கள். அது ஆஸ்திரியாவில் செய்கிற அலுமினியக் கலவை. அதன் வேலை அதிர்வை அடக்குவது. எவ்வளவு தகடு, எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி, இருக்கிறதா இல்லையா என்பதல்ல. நீங்கள் வாங்கிய சாண்டா அனாவே பிறகு ஒற்றைத் தகடுக்கு மாறிவிட்டது. அகலம் கூடிய மாடலில் தகட்டைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள், ஆழமான பனியில் சுலபமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக. உங்களைப் போல மரங்களுக்குள் சிக்கியவர்கள் சொல்லித்தான் மாற்றியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், இருவருக்கும் ஒரு கேள்வி. எட்ஜ் கடைசியாக எப்போது தீட்டினீர்கள்? ஐஸில் நடுங்குகிறது என்றவுடன் எல்லாரும் புது ஸ்கீ தேடுகிறார்கள், எட்ஜைத் தொட்டுப் பார்ப்பதில்லை. விரல் நகத்தின் மேல்பக்கத்தை எட்ஜுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் உதிர வேண்டும். நகம் வழுக்கினால் எட்ஜ் மழுங்கிவிட்டது. அடிப்பக்கம் ஒரு பாகை, பக்கவாட்டில் இரண்டு அல்லது மூன்று பாகை என்று கடையில் சொல்லிச் செய்யுங்கள். ஐஸில் அதிகம் போகிறவர்களுக்கு மூன்று நல்லது, ஆனால் சீக்கிரம் மழுங்கும். புதிதாக வாங்கியதும் தீட்டித்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். நான்கைந்து நாள் சறுக்கினால் வைரத்தகடு ஒன்றால் இரண்டு இழுப்பு இழுத்து விடுங்கள். சறுக்கி முடித்ததும் எட்ஜைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பையில் போட வேண்டும், ஈரத்தோடு கட்டி வைத்தால் ஒரே இரவில் துரு ஏறிவிடும். இரண்டு ஸ்கீயையும் எட்ஜோடு எட்ஜ் உரசும்படி தோளில் தூக்கிப் போகவும் வேண்டாம்.

வெண்பனி, சூரிச்

அக்கா, நன்றி. அந்த வாடகை ஸ்கீ முந்தின நாள்தான் தீட்டப்பட்டது, ரசீதில் இருக்கிறது. நகத்தில் தூளும் உதிர்ந்தது. பிரச்சினை எட்ஜ் இல்லை. என் உயரத்தைவிட 16 சென்டிமீட்டர் கட்டையான, நடுவில் கையால் அழுத்தினாலே வளைகிற ஒரு ஸ்கீயை, கடைக்காரர் கேள்வியே கேட்காமல் எனக்குத் தந்ததுதான். பக்கத்தில் நின்ற என் கணவரிடம் மட்டும் "எந்த மாதிரிச் சரிவு பிடிக்கும்?" என்று கேட்டார். கணவர் என்னைவிட ஒன்பது வருஷம் பிந்தித்தான் பழகினார்.

மூன்றாம்வகை, கால்கரி

வெண்பனி எழுதியதைப் படித்ததும் என் படிவம் ஞாபகம் வந்தது. பைண்டிங் சரிசெய்யும்போது கடையில் தருவார்களே, முதல் வகை பதுங்கிச் சறுக்குபவர், இரண்டாம் வகை மிதமானவர், மூன்றாம் வகை வேகமாகச் செங்குத்தில் போகிறவர். 25 வருடமாக நான் இரண்டு என்றுதான் குறித்து வந்தேன். மூன்று என்று எழுதக் கை வரவில்லை. தற்பெருமை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்.

50 வயது ஆனால் அந்த அட்டவணையில் ஒரு வரி தள்ளி, பைண்டிங்கை இன்னும் இளக்கமாக வைப்பார்கள். எனக்கு அந்தப் பிறந்தநாள் முடிந்த சீசன், லேக் லூயிஸின் பின்பக்கச் சரிவு, குதறிக் கிடந்த பனி. நல்ல வேகத்தில் ஒரு திருப்பத்தின் நடுவில் வெளிக்கால் திடீரென்று வெறுமையாகிவிட்டது. ஸ்கீ பின்னால் நிற்கிறது, நான் முன்னால் பறக்கிறேன். தோள்பட்டை எலும்பில் விரிசல். அந்த ஒரு விநாடி, காலுக்குக் கீழே எதுவும் இல்லாத அந்த உணர்ச்சி, இப்போதும் தூக்கத்தில் வருகிறது.

எந்த ஸ்கீ என்று கேட்டீர்கள். அப்போதும் இப்போதும் பிளாக் பேர்ல் 88தான். லிஃப்ட் வரிசையில் நின்றால் இன்னும் நாலைந்து பேர் காலில் அதைப் பார்க்கலாம், இங்கே அவ்வளவு சாதாரணம். மாறியது ஸ்கீ இல்லை, படிவத்தில் நான் குறித்த எண். பைண்டிங்கின் திருகை நீங்களே திருப்பாதீர்கள் தங்கச்சிகளே, பயிற்சி பெற்ற ஆளிடம் கொடுங்கள், எடையையும் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆனால் மூன்று என்றால் மூன்று என்று எழுதுங்கள்.

குறிஞ்சி, டொரொன்டோ

விஸ்லர்காரர்கள் எழுதுவதைப் படித்து 98 மி.மீ. இடுப்பு (நடு அகலம்) உள்ள ஸ்கீயை வாங்கியவள் நான். இங்குள்ள ப்ளூ மவுண்டனில் உச்சிக்கும் அடிக்கும் உயர வித்தியாசமே சுமார் 220 மீட்டர், முக்கால்வாசி இயந்திரம் அடித்த பனி. இரவு விளக்கு வெளிச்சத்தில் ஐஸ் கண்ணாடி மாதிரி மின்னும். அந்த அகலத்தை ஒரு எட்ஜிலிருந்து அடுத்த எட்ஜுக்குச் சாய்ப்பதற்குள் ரன் முடிந்துவிடும்! எட்டு வயதுப் பையன் ஒருவன் மெல்லிய ரேஸ் ஸ்கீயில் என்னை இரண்டு முறை தாண்டிப் போனான், ஒவ்வொரு முறையும் பென்சிலால் இழுத்த மாதிரி இரண்டு கோடு விட்டுவிட்டு. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது 82. வருடத்தில் ஒரு வாரம் மேற்கே போனால் அங்கே வாடகைக்கு அகலமானது எடுத்துக்கொள்கிறேன்.

கோடைமழை, ஸ்குவாமிஷ்

நள்ளிரவுச் சூரியன் அக்கா, மெட்டல் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் நேற்று இரவு கராஜில் விளக்கைப் போட்டு நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். வலது ஸ்கீயில் தூள் வந்தது. இடது ஸ்கீயின் உள் எட்ஜில், பைண்டிங்குக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு, நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஐஸில் நான் எப்போதும் நடுங்குவது வலப்பக்கம் திரும்பும்போதுதான். இன்று காலை தீட்டக் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை தருகிறார்கள்.