பெரியாஸ்பத்திரியின் இராணுவ மருத்துவர் சார்லஸ் டோனோவன்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பெரியாஸ்பத்திரியில் கால் வைக்காத குடும்பம் நம் வடசென்னையில் அரிது. ஆனால், உலக மருத்துவ நூல்கள் அனைத்திலும் இடம்பெற்ற ஒரு கண்டுபிடிப்பு அங்கே நிகழ்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான், காலா அசார் காய்ச்சலின் கிருமியை அங்கே கண்டறிந்த சார்லஸ் டோனோவனைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன்.

1863இல் கல்கத்தாவில் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்த அவர், டப்ளினில் மருத்துவம் பயின்று, 1891இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அது அடிப்படையில் படைக்கான மருத்துவப் பிரிவு. அமைதிக் காலத்தில் அதன் அதிகாரிகள் அரசு மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பணியாற்றினார்கள். அவ்வகையில்தான் டோனோவன் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராகவும் பெரியாஸ்பத்திரியில் மருத்துவராகவும் இருந்தார்.

அந்நாளில் கறுப்பர் பட்டணம் எனப்பட்ட நம் ஜார்ஜ் டவுன் சந்துகளில் காலா அசார் என்னும் காய்ச்சல் வேரூன்றியிருந்தது. நோயாளியின் மண்ணீரல் வீங்கி வயிறு புடைக்கும், கைகால்கள் சூம்பும், காய்ச்சல் ஏறியும் இறங்கியும் மாதக்கணக்கில் நீடிக்கும். மலேரியா என்று எண்ணிக் கொயினா கொடுத்தாலும் பலன் இருக்காது.

1903இல், இப்படி இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்த டோனோவன், மலேரியாக் கிருமியோடு ஒத்துப்போகாத நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். ஒவ்வொன்றிலும் பெரிய உட்கரு ஒன்றும், அதனருகே சிறு குச்சி போன்ற மற்றொன்றும் சாயமேறித் தெரிந்தன. அவை இறந்தபின் உடல் சிதைவதால் தோன்றியவையாகவும் இருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்தைத் தீர்க்க, ஜூன் 17 அன்று, விட்டுவிட்டுக் காய்ச்சலில் வாடிய 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்திச் சில துளிகள் எடுத்தார். குருதிக்கசிவால் உயிரே போகக்கூடிய சோதனை அது. அதிலும் அதே உருண்டைகள் இருந்தன. உயிருள்ள நோயாளியின் உடலிலேயே கிருமி இருப்பது இவ்வாறு உறுதியாயிற்று. டோனோவனின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் ஊசியைத் தாங்கிய அச்சிறுவனின் பங்கை அதற்குக் குறைவாக மதிக்க என்னால் முடியாது.

இங்கிலாந்தில் நெட்லி இராணுவ மருத்துவமனையில் வில்லியம் லீஷ்மன் என்னும் மற்றோர் இராணுவ மருத்துவரும், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் இராணுவப் பாசறையிலிருந்து நோயோடு திரும்பி இறந்த சிப்பாயின் மண்ணீரலில் 1900இலேயே இவற்றைக் கண்டிருந்தார். அவர் அதை வெளியிட்டது 1903 மே மாதத்தில். டோனோவனின் கட்டுரை ஜூலையில் வந்தது. லீஷ்மன் அவற்றை வேறொரு கிருமியின் சிதைந்த வடிவம் என்று கருதினார். இது புதிய இனமே என்று முடிவு செய்த, மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், இருவரையும் சேர்த்து 'லீஷ்மேனியா டோனோவானி' என்று பெயரிட்டார். அவரும் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவரே.

அதற்குப் பின்னும் நோயின் கதை நீண்டது. மருத்துவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கல்கத்தாவில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் மருந்து 1920களில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. கொசுவைவிடச் சிறிய மணல் ஈயே நோயைப் பரப்புகிறது என்பது, சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோரின் ஆய்வால் 1942இல்தான் ஐயமறத் தெளிவாயிற்று. டோனோவனோ அதற்கு முன்பே, ராயப்பேட்டை மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இங்கிலாந்து சென்று, பட்டாம்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1951இல் காலமானார்.

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் இவ்வரலாற்றுக்கு இரண்டு பக்கங்களாவது ஒதுக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று இன்று வெளிநாடுகளில் பணிபுரியும் நம் உறுப்பினர்கள் அதை எழுத முன்வந்தால், என்னைவிடத் துல்லியமாக எழுதுவார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய குடும்பத்தார், அக்காலக் காய்ச்சலைப் பற்றித் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னவற்றையும் உடன் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.