ஷ்பெட்லேசே என்று போட்டிருக்கிறது, ஆனால் இனிக்கவில்லையே?

கேள்வி:
மைன்ஸில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறேன். ஜெர்மன் ஒயின் சான்றிதழ் படிப்பில் சேர்ந்து, 13 வட்டாரங்களையும் மனப்பாடம் செய்துவிட்டேன். லேபிளில் போடும் தரப் பெயர்கள் காபினெட், ஷ்பெட்லேசே, அவுஸ்லேசே என்று மேலே போனால் இனிப்பும் ஏற வேண்டாமா? கடையில் 'ஷ்பெட்லேசே ட்ரோக்கன்' இருக்கிறதே, வாயில் இனிப்பே இல்லை.

பதில் 1:
அந்தப் பெயர்கள் பறிக்கும்போது பழத்தில் இருந்த சர்க்கரையைச் சொல்பவை, பாட்டிலில் மிஞ்சியதை அல்ல. அதை அளக்கும் ஓக்ஸ்லே அளவு என்பது ஒரு லிட்டர் சாறு அதே அளவு தண்ணீரைவிட எத்தனை கிராம் கனம் என்பதுதான். சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றால் ட்ரோக்கன், அதாவது இனிப்பில்லாதது; பாதியில் நிறுத்தினால் இனிப்பு. லேபிளில் ஆல்கஹாலைப் பாருங்கள். மோசல் வட்டாரத்தின் ரீஸ்லிங் திராட்சை காபினெட் 8 சதவீதம் என்றால் இனிக்கும், 12 என்றால் பெரும்பாலும் இனிக்காது. வாடிக்கையாளரிடம் சொல்லவும் இதுவே சுலபம்.

பதில் 2:
சரிதான், ஆனால் அவுஸ்லேசேவுக்கு மேலே வரும் பேரன்அவுஸ்லேசே, ஐஸ்வைன், ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசே மூன்றும் இனிப்புதான். கடைசிப் பெயரில் 'ட்ரோக்கன்' இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வற்றிச் சுருங்கிய பழத்தைச் சொல்கிறது. ஐஸ்வைனுக்குப் பழம் கொடியிலேயே, மைனஸ் 7 டிகிரியிலோ அதற்குக் கீழோ உறைந்திருக்க வேண்டும்.

கேட்டவர்:
அப்போ ஜெர்மன் ஒயின் தயாரிப்பாளர் சங்கமான விடிபி-யின் 'குரோஸஸ் கெவெக்ஸ்' எங்கே வரும்?

பதில் 1:
இந்த ஏணியிலேயே வராது. சிறந்த தோட்டத்தின் ட்ரோக்கன் ஒயினுக்கு அந்தச் சங்கம் தரும் தகுதி அது. அந்தப் பாட்டிலில் ஷ்பெட்லேசே என்றெல்லாம் தேடாதீர்கள்.