கிளாவியஸ் பள்ளம்: உங்களுக்கு மாட்டிய காட்சி எது?

மாடிவீட்டான்:
வளர்பிறை நவமி. ஆறு இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்பை நிலாவின் தென்கோடிக்கு இறக்கினேன். நிலாவின் பகலும் இரவும் சந்திக்கிற நிழல்கோட்டில் பெரிய கடி விழுந்த மாதிரி கிளாவியஸ். உள்ளே இன்னும் விடியவில்லை, ஒன்றும் தெரியக்கூடாது. ஆனால் அந்த இருட்டுக்கு நடுவில் மெட்டி மாதிரி இரண்டு மெல்லிய வளையங்கள்! பள்ளத்துக்குள் இருக்கும் சி, டி என்ற சின்னக் குழிகளின் விளிம்பை மட்டும் வெயில் தொட்டிருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த நிமிஷம் யாரோ என்னைத் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவள் வருவதற்குள் மேகம். மூன்று வருடமாகக் கிண்டல். வேறு யாருக்காவது மாட்டியிருக்கிறதா?

கணக்கு டீச்சர்:
எனக்கு உறுத்துவது பெயர். பிள்ளைகளுக்குக் காட்டும்போது சுமார் 230 கி.மீ. அகலம், 1582இல் நாட்காட்டியைத் திருத்தியவர்களில் ஒருவரான கிளாவியஸின் பெயர், அந்த வருடம் அக்டோபர் 4க்கு மறுநாள் 15 என்று அளந்துகொண்டிருந்தேன். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, கண்ணை எடுக்காமலே, "இந்தக் குழியெல்லாம் அவருக்குத் தெரியுமா மிஸ்?" என்றாள். தெரியும், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. கலிலியோ சொன்ன நிலா மலைகளை 1611இல்கூட அவர் ஏற்கவில்லை. மேற்பரப்பில் மேடுபள்ளம் இல்லை, அடர்த்திதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றார். அவருக்கு இத்தனை பெரிய பள்ளம், கலிலியோவுக்கு 15 கி.மீ. குழி! 1651இல் பெயர் வைத்த ரிச்சோலியும் கிளாவியஸைப் போலவே இயேசு சபைக்காரர். இதையெல்லாம் சொல்லாமல் "அடுத்த ஆள் வாம்மா" என்றுவிட்டேன்.

பழைய கண்ணாடி:
டீச்சர், ரிச்சோலி மேல் பழி போடாதீர்கள். அவர் கலிலியோவுக்குக் கொடுத்தது இன்று ரைனர் காமா எனப்படும் பளிச்சென்ற திட்டு. பிற்பாடு அந்தப் பெயரைச் சின்னக் குழிக்கு மாற்றியவர் வானியலாளர் மேட்லர். சபைப் பாசம்தான் காரணமென்றால், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸுக்கு அவ்வளவு எடுப்பான பள்ளம் ஏன் கிடைத்தது?

வளையத்தை நான் ஒரே தடவை பார்த்தேன், அருமை. மாடிவீட்டான் தம்பிக்கு: டெலஸ்கோப்பை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். சிமெண்ட் தளம் பகல் சூட்டைக் கக்கும், பிம்பம் கானல் மாதிரி ஆடும். சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிடுங்கள். 120 மடங்குக்கு மேல் போக வேண்டாம். நவமியை மட்டும் நம்பாதீர்கள். நிலாவின் மாதம் இருபத்தொன்பதரை நாள். இந்த வளையக் காட்சி இம்முறை ராத்திரி அமைந்தால் அடுத்த முறை பகலில் போய்விடும், ஒன்று விட்டு ஒன்று பாருங்கள். தோசை நேரத்தில் கூப்பிடாதீர்கள்.

கீழ்வானம்:
கிளாவியஸில் ரதர்ஃபர்ட் என்ற குழியில் தொடங்கி டி, சி, என், ஜே என்று சிறுத்துக்கொண்டே வளைகிற குழி வரிசையை அக்கா மகனுக்குக் காட்டினேன். ரதர்ஃபர்டும் போர்ட்டர் என்ற இன்னொரு குழியும் பள்ளத்தின் சுவர் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, ஆகவே பிந்தி விழுந்தவை என்று விளக்கினேன். அந்தப் பெயருக்குரிய போர்ட்டர், நம்மைப் போல டெலஸ்கோப் செய்கிறவர்களின் குலசாமி. பையன் காதிலேயே வாங்கவில்லை. 2020இல் வந்த செய்தி எங்கோ கண்ணில் பட்டிருக்கிறது: விமானத்தில் பறந்த சோஃபியா தொலைநோக்கி கிளாவியஸில் நீர் மூலக்கூறு கண்டது. ஒரு கனமீட்டர் மண்ணுக்கு 350 மில்லி அளவுதான் என்றேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஈரமாவே இல்லையே மாமா" என்றான்.

மாடிவீட்டான்:
பழைய கண்ணாடி சார், தண்ணீர் தெளித்தேன். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார், அவர் கூரை ஒழுகுகிறதாம்.